உடைத்துப் பார்க்காத முட்டைகள்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதுவது.

இங்கே நான், என் அக்காவான உன் அம்மா, பொரிப்பகத்தில் முப்பதாயிரம் முட்டைகள் எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உன் ரத்தப் பரிசோதனை முடிவை அக்கா வந்து சொல்லிவிட்டாள். இப்போது அப்படிக் கேட்டால் உனக்குக் கோபம் வரும் என்று விட்டுவிட்டேன். அடுத்தவர் கோபத்தை அளந்து நடப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இனிமேல் என்னோடு போனில் பேச மாட்டாய் என்பதையும் அக்கா சொன்னாள். நான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறேனாம், பொரிப்பகமே கேட்கிறதாம். இரண்டு கையிலும் முட்டைத் தட்டு வைத்திருப்பவன் போனை எதில் பிடிப்பான், நீயே சொல். போன மாதம் நீ உண்டாகியிருக்கும் சேதியைச் சொன்னபோது தட்டு அடுக்குகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து வாழ்த்துச் சொன்னார்கள். அது உன் காதை அடைத்தது என்றால் அவர்கள் தொண்டையின் குற்றம். போகட்டும். வாரத்தில் இரண்டு நாள் குஞ்சு வண்டி உங்கள் ஊருக்கு வருகிறது. டிரைவரிடம் கொடுத்தால் மறுநாள் உன் கையில் இருக்கும். மிக நம்பிக்கையான ஆள். படிக்கத் தெரிந்தும் படிக்க மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். குரோமோசோம் என்றால் என்ன என்று அக்கா கேட்டாள். விளக்கினேன். அது உடம்பு கட்டுவதற்கான அச்சு, எல்லோருக்கும் இருபத்து மூன்று ஜோடி, அதில் இருபத்தொன்றாவது ஜோடியோடு மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டால் டவுன் சிண்ட்ரோம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைப்பாய். நான் பள்ளிக்கூடத்தை விடவில்லை, அவர்களிடம் எனக்குச் சொல்லித் தரச் சரக்குத் தீர்ந்துவிட்டது. எங்கள் கால்நடை டாக்டரே சந்தேகம் வந்தால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்.

பரிசோதனை தொண்ணூற்றொன்பது சதவீதம் சரி என்று கிளினிக்கில் சொன்னார்களாம். நான் பார்க்கும் வேலை உனக்குத் தெரியும். இருட்டறை, மேஜைக்கு அடியில் விளக்கு. தட்டை அதன் மேல் வைத்தால் முட்டைகள் எல்லாம் எரியும். உயிர் உள்ளதில் சிவப்பாக நரம்பு ஓடும். இல்லாதது வெறும் பல்பு மாதிரி வெளுத்துத் தெரியும். நான் ஒரு பார்வை பார்ப்பேன், வெளுத்ததைப் பொறுக்கி வாளியில் போடுவேன், அடுத்த தட்டு. இத்தனை வருடத்தில் ஒன்று தப்பியதில்லை. ஒரு தடவை மெஷின் விற்க வந்த நிபுணர் என் வேலையைப் பார்த்துவிட்டு, 'இவர் இருக்கும் இடத்தில் மெஷின் அநாவசியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை எலி தின்றுவிட்டது.

அதனால் மாமா சொல்வதைக் கேள். வெளிச்சம் பொய் சொல்லாது. தொண்ணூற்றொன்பது என்றால் தொண்ணூற்றொன்பதுதான். உனக்கு முப்பத்தொரு வயது, இன்னும் காலம் இருக்கிறது. யோசிக்க யோசிக்கக் கை நடுங்கும், அதனால் மாப்பிள்ளையும் நீயும் சட்டென்று ஒரு முடிவெடுத்து முடித்துவிடுங்கள். நான் வாளியில் போட்டதைத் திரும்பிப் பார்த்ததே கிடையாது. அதனால்தான் என் வேலை சுத்தம்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
வெளிச்ச அறைத் தலைமை


மார்ச் 7

மாமாவுக்கு,

டிரைவர் கடிதத்தை நீட்டிவிட்டு, "மனசைத் தளர விடாதம்மா, காலம் இருக்கு" என்றார். படிக்க மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் படிக்கவில்லையாம். வண்டி ஏற்றும்போது நீங்களே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினீர்களாம். இந்த உறையை நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து பிரியுங்கள்.

உங்களுக்குப் பதில் எழுதக்கூடாது என்று இரண்டு நாள் இருந்தேன். என் பிள்ளையை முட்டைத் தட்டில் வைத்துப் பேசியிருக்கிறீர்கள். ஆனால் நான் எழுதாவிட்டால் நீங்களாக ஏதாவது சேர்த்து அம்மாவிடம் சொல்வீர்கள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் ரத்தத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்ந்த குரோமோசோம் துணுக்குகள் மிதக்குமாம். அவற்றை எண்ணிப் பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. பன்னிரண்டாவது வாரத்தில் தாள் வந்தது. 'அதிக வாய்ப்பு' என்று இருந்தது. கிளினிக்கின் முன்மேஜைப் பெண் அதை நீட்டி, "இந்த டெஸ்ட் தொண்ணூத்தொம்பது பர்சென்ட் கரெக்டுங்க" என்றாள். டாக்டர் ஒரு பிரசவத்தில் இருந்தார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் அங்கேயே நின்று கருவைக் கலைப்பதற்கு மார்ச் 20 தேதி வாங்கிவிட்டார். இவர் லிஃப்ட் மெக்கானிக், ஒன்று நின்றுபோனால் அந்த நிமிஷமே கை வைத்தாக வேண்டும். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதை விளக்கிச் சொல்வதற்கென்றே அங்கே ஒரு அம்மா இருக்கிறார். அவர் சொன்னது இது. டவுன் சிண்ட்ரோம் உள்ள நூறு பிள்ளைகள் இருந்தால், அதில் தொண்ணூற்றொன்பதை இந்தப் பரிசோதனை பிடித்துவிடும். அந்தத் தொண்ணூற்றொன்பது அதற்குத்தான். 'அதிக வாய்ப்பு' என்று தாள் வந்த நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அப்படி இருக்கும் என்பது அதற்குப் பொருள் இல்லை. அது வேறு கணக்கு. பல ஆயிரம் பேர் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அதில் உண்மையிலேயே இருப்பவர்கள் கொஞ்சம் பேர். இல்லாதவர்களோ ஏராளம். ஏராளத்தில் மிகச் சிலருக்குத் தவறாக மணி அடித்தாலும், அந்தச் சிலர் உண்மையானவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். என் வயதில் இந்தத் தாள் வருகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு உண்மை, நான்கு பேருக்கு இல்லை. வயது கூடினால் உண்மை கூடும். துணுக்குகள் பிள்ளையிடமிருந்து வருவதில்லை, நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன. சில சமயம் இரண்டும் ஒன்றாக இருக்காது.

நான் டிப்போவில் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிறவள், எண்ணுக்குப் பயந்தவள் இல்லை. எனக்கே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் பதினாறாவது வாரத்துக்கு மேல் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்றார் அந்த அம்மா. இவரிடம் சொன்னேன். "இன்னும் ஒரு மாசமா? ஆறுன்னா அதுவே அதிகம்தானே?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். தேதி அப்படியே இருக்கிறது.

உங்களிடம் ஒரே கேள்வி. இத்தனை வருடத்தில் ஒன்று தப்பியதில்லை என்கிறீர்கள். வாளியில் போட்டவற்றில் எத்தனையை உடைத்துப் பார்த்தீர்கள்?


மார்ச் 14

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. பொரிப்பகத்தில் அதை விடுமுறை மாதிரிக் கொண்டாடினார்கள்.

என் வேலையைப் பற்றி என் முதலாளி கேட்டதில்லை, நிபுணர் கேட்டதில்லை, நான் தூக்கி வளர்த்த பெண் கேட்கிறாள். வாளியில் போட்டதை எவனாவது உடைத்துப் பார்ப்பானா? அது வாளி. அதற்குள் போனால் போனதுதான். எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். 'ஒன்றையும் உடைத்ததில்லை' என்று எழுத வேண்டியிருந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.

நான்காம் நாள் வாளியை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நூறு முட்டையை எண்ணி வைத்தேன். தட்டு அடுக்குகிறவர்களில் நெட்டை என்று ஒருவன் இருக்கிறானே, உனக்குப் போனில் வாழ்த்துச் சொன்னவர்களில் அதிகம் கத்தியவன், அவன் உதவிக்கு வந்தான். வேடிக்கை பார்க்க வந்தான் என்பதே சரி. ஒவ்வொன்றாக உடைத்தேன். வெறும் மஞ்சள், வெறும் மஞ்சள், வெறும் மஞ்சள். இருபது வரை நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். நெட்டையைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவனும் கொண்டுவந்தான்.

அதற்கப்புறம் ஒன்றை உடைத்தேன்.

"அண்ணே, இது துடிக்குது."

"காத்துல ஆடுது."

"காத்தே இல்லையே அண்ணே."

ஒரு மிளகளவு, சிவப்பாக. குனிந்து பார்த்தேன், காற்று இல்லைதான். நூறு முடிந்தபோது அப்படி ஆறு இருந்தன. ஓடு பழுப்பாக, தடிமனாக இருந்த முட்டைகள். இளங்கோழிகள் போட்டவை. வெளிச்சம் உள்ளே புகாமல் நரம்பு தெரியாமல் போயிருக்கிறது. நரம்பு தெரியவில்லை என்றால் நரம்பு இல்லை என்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உடைத்ததை ஒட்டி மறுபடி மெஷினில் வைக்க முடியாது. ஆறையும் நானே கொண்டுபோய்ப் புதைத்தேன். நெட்டை அன்று மத்தியானம் என்னைக் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் உன் மாமன் அத்தோடு உட்கார்ந்துவிடுகிற ஆளா? மறுநாளே புது முறை கண்டுபிடித்தேன். சந்தேகமான முட்டை வாளிக்குப் போகாது. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு மறுபடி மெஷினுக்கு அனுப்புவேன். மூன்று நாள் கழித்து எடுத்து மறுபடி வெளிச்சம் பார்ப்பேன். உலகத்தில் இதுவரை எந்தப் பொரிப்பகத்திலும் யாருக்கும் தோன்றாத முறை. முதலாளி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மூணு நாள் கரண்டு உங்க தாத்தாவா தருவாரு என்று அவர் கேட்டதாக நெட்டை டிரைவரிடம் சொல்லியிருப்பான், அது உன் காதுக்கும் வரும். அது முதலாளி பாசத்தில் சொன்னது.

இப்போது உன் விஷயம். எனக்குத் தெளிவாகிவிட்டது. வெளிச்சம் பொய் சொல்லும். என் கண்ணையே ஏமாற்றிய வெளிச்சம் உன் கிளினிக்கின் மெஷினை ஏமாற்றாதா? உன் பிள்ளை நன்றாக இருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கி எறி. ஊசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தேதியைக் கேன்சல் செய்யச் சொல். மாமா சொல்கிறேன், அந்த நான்கு பேரில் நீ ஒருத்தி. எனக்கு நெஞ்சுக்குள் தெரிகிறது. இங்கே எல்லோரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

உன் மாமன்


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் உடைத்துப் பார்ப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்களைக் குத்திக் காட்டத்தான் கேட்டேன்.

உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு டிப்போவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது இவர் அதைப் படித்துக்கொண்டிருந்தார். கை முழுக்க லிஃப்ட் கிரீஸ், உங்கள் தாளிலும் இரண்டு விரல் பதிந்திருக்கிறது. படித்து முடித்துக் கையைத் துடைத்தார். அப்புறம், "உன் மாமா மொத தடவையா ஒரு உருப்படியான வேலை செஞ்சிருக்கார்" என்றார். சாப்பிட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அலாரம் அடிச்சா நான் லிஃப்டையே கழட்டிப் போட மாட்டேன். மேல ஏறி என்னன்னு பாப்பேன். இதுல மட்டும் ஏன் பாக்கல?" கிளினிக்குக்குப் போய்த் தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். நாளைக்கு நாங்கள் அங்கே போகவில்லை.

அதற்கு நன்றி. இனி எழுதுவது உங்களைத் திட்டுவதற்கு.

நூற்றில் ஆறு தப்பு என்றால் தொண்ணூற்று நான்கு சரி, மாமா. உங்கள் கண் கெட்ட கண் இல்லை. முதல் கடிதத்தில் வெளிச்சம் பொய்யே சொல்லாது என்றீர்கள். அடுத்த கடிதத்தில் வெளிச்சம் முழுப் பொய் என்கிறீர்கள். இரண்டு கடிதத்திலும் ஒரே தைரியம். பத்தில் ஆறு என்பதை நீங்கள் பத்தாகவும் எடுத்துக்கொள்கிறீர்கள், பூஜ்ஜியமாகவும் எடுத்துக்கொள்கிறீர்கள். அதை ஆறாகவே வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட உங்களால் இருக்க முடியவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. காலையில் பஸ்ஸில் ஏறும்போது நான்கில் இருக்கிறேன், டிப்போவில் இறங்கும்போது ஆறில் இருக்கிறேன். ஆனால் நான் ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை.

ஊசி ஏப்ரல் 2. அதிலும் சின்ன ஆபத்து உண்டு, சில நூறு பேரில் ஒருவருக்குக் கரு கலையலாம் என்றார்கள். தெரிந்தேதான் போகிறோம். முழு முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம். நல்லது என்றும் சொல்ல வேண்டாம், கெட்டது என்றும் சொல்ல வேண்டாம். கேட்டால், "இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள். இரண்டே வார்த்தை. உங்களால் முடியும்.


ஏப்ரல் 8

அன்புள்ள மருமகளுக்கு,

ஊசி போட்டு நீ நல்லபடியாக வீடு திரும்பியதை டிரைவர் சொன்னார். மாப்பிள்ளை மூன்று நாள் விடுப்புப் போட்டு உன்னைப் படியேற விடவில்லையாம். நல்ல பிள்ளை. அவரை உனக்குப் பார்த்துக் கொடுத்தது நான்தான் என்று இங்கே பலர் நம்புகிறார்கள்.

ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது. நீ பதறாமல் படிக்க வேண்டும்.

உன் அம்மா வேலை செய்யும் விடுதியின் சலவை அறைக்கு முந்தாநாள் போயிருந்தேன். அக்கா ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அடுக்கில் வைத்துவிட்டு அதையே எடுத்து மறுபடி பிரித்தாள். பக்கத்தில் இருந்த பெண் என்னிடம், "பத்து நாளா இப்படித்தான், எங்களுக்கும் சேத்து மடிச்சுக் குடுத்துடுறாங்க" என்று சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தையை நான் சொல்லியிருப்பேன், சத்தியமாக. கேட்காமல் பார்த்தால் என்ன செய்வது? அதற்கு நீ ஒன்றும் சொல்லித் தரவில்லையே.

முடிவு வந்துவிட்டது, எல்லாம் நல்லபடி என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் வார்த்தையாகச் சொன்னால் அக்கா நம்ப மாட்டாள், சின்ன வயதிலிருந்தே அவளுக்கு என்னைத் தெரியும். அதனால் கொஞ்சம் விவரம் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரே நேரில் வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்று சொன்னேன். உன் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறார்கள் என்று சொன்னேன். அக்கா அந்தப் போர்வையை ஒரே தடவை மடித்து வைத்துவிட்டு, இஸ்திரி மேஜையில் சாய்ந்து நின்றாள். அப்புறம் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை அளவாகப் போட்டிருந்தாள். அவள் அப்படிப் போட்டுப் பல வாரம் ஆகிறது.

எப்படியும் முடிவு நல்லபடியாகத்தான் வரப் போகிறது. நான் பத்து நாள் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான். வந்ததும் நீ போன் செய்து அக்காவிடம் தெரியாத மாதிரி பேசிவிடு, இரண்டும் சரியாகிவிடும். தெருவில் இரண்டு மூன்று பேருக்கும் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அதிகமில்லை, வலது பக்கத்து வீடுகள் மட்டும்தான்.

உன் மாமன்


ஏப்ரல் 18

மாமாவுக்கு,

முடிவு நேற்று வந்தது. இருபத்தொன்றில் மூன்று இருக்கிறது. பார்த்த எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. இது வாய்ப்பு இல்லை, இதுதான் முடிவு. பெண் குழந்தையா ஆண் குழந்தையா என்று சட்டப்படி சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை.

காத்திருக்கும் அறையில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு பெண் இருந்தாள். ஊசிக்கு வந்த நாளிலும் பக்கத்தில்தான் இருந்தாள். என் வயதுதான். அவளுக்கும் என்னுடையதைப் போலவே 'அதிக வாய்ப்பு' என்றுதான் முதல் தாள் வந்திருந்தது. அவளுக்கு நேற்று ஒன்றும் இல்லை என்று வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு வந்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தாள். நானே கேட்டேன். சொன்னாள். இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் தாளில் எங்கள் இருவரையும் பிரித்துக் காட்டுகிற ஒரு எழுத்துகூட இல்லை. அதனால் அந்தப் பரிசோதனை பொய் என்று நீங்கள் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். அது பாருங்கள் என்று சொன்னது. பார்த்தோம்.

பிள்ளையின் இதயத்தையும் ஸ்கேன் செய்தார்கள். சுவரில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிறந்த சில மாதத்தில் அறுவை செய்து அடைக்கலாமாம். அதனால் பிரசவம் சின்னக் கிளினிக்கில் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில். இதய டாக்டர் அடுத்த சனிக்கிழமை எங்களைப் பார்க்கிறார்.

விளக்கிச் சொல்லும் அந்த அம்மா எல்லா வழியையும் சொன்னார். எதையும் தள்ளவில்லை, எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்து பேசினோம். இவர் என்னைவிட அதிகம் கேள்வி கேட்டார். முந்தி ஒரு நிமிஷத்தில் தேதி வாங்கிய மனுஷன், இந்தத் தடவை மூன்று மணி நேரம் பேசினார். வைத்துக்கொள்கிறோம். வேறு மாதிரி முடிவு செய்பவர்கள் உண்டு, அந்த முடிவையும் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் முடிவு இது. தெரிந்துகொண்டு எடுத்தது. அதனால் என்னால் இதை எழுத முடிகிறது. மார்ச் 20 அன்று போயிருந்தால் நான் பக்கத்துச் சீட்டுப் பெண்ணா, நானா என்பது எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

இன்னொன்று. என் பிள்ளைக்கும் உங்கள் வாளிக்கும் சம்பந்தமில்லை. அது கெட்டுப்போன எதுவும் இல்லை. அதற்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது. அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அம்மாவின் போனை எடுக்காமல் தட்டிக்கழித்தேன், நேற்று மத்தியானம் எடுத்தேன். பெரிய டாக்டர் கைகுலுக்கிய கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். கையில் முடிவை வைத்துக்கொண்டு, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்கு நல்ல சேதி கொடுத்தவர் நீங்கள். அதைத் திரும்ப வாங்க வேண்டியவரும் நீங்கள்தான். நான் செய்ய மாட்டேன். டிரைவரிடம் சொல்லி அனுப்பக் கூடாது, போனிலும் கூடாது. நேரில் போங்கள்.


ஏப்ரல் 23

அன்புள்ள மருமகளுக்கு,

சொல்லிவிட்டேன்.

சலவை அறைக்கு இரண்டு தடவை போய், வாசல் வரை வந்து, இரண்டு தடவையும் வேறு வேலை நினைவுக்கு வந்து திரும்பினேன். மூன்றாவது தடவை அக்காவே வெளியே வந்து, "என்னடா, மூணு நாளா வாசல்லயே நிக்கிற?" என்று கேட்டாள். உன் கடிதத்தை நீட்டினேன். வாயால் சொல்லத்தான் போனேன். முதலில் முடியவில்லை. அவள் கண்ணாடி இல்லாமல் வந்திருந்தாள், அதனால் நான்தான் வாசிக்க வேண்டியதாயிற்று. என்னைத் திட்டியிருக்கும் பாகத்தையும் விடாமல் வாசித்தேன். நடுவில் ஒரு பெண் துணி மூட்டையோடு வந்தாள், அவள் போகும் வரை நிறுத்தினேன். மெதுவாகத்தான் வாசித்தேன்.

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கேட்டாள்:

"டாக்டர் கை குலுக்கினாருன்னு சொன்னியே?"

"இல்லக்கா."

"கண்ணாடி போட்டு மாட்டுறதா சொன்னது?"

"அதுவும் இல்ல."

"வேற ஏதாவது பாக்கி இருக்கா? இப்பவே சொல்லிடு. தவணை தவணையா என்னால முடியாது."

இல்லை என்றேன். அழுதாள். அழுதுகொண்டே, பெரிய ஆஸ்பத்திரிக்கு உன் வீட்டிலிருந்து எந்தப் பஸ் என்று கேட்டாள். நீ டிப்போவில் இருப்பதால் உனக்குத் தெரியும் என்றேன். வலது பக்கத்து வீடுகளுக்கு அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். என்னைக் கூட வர வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் நான் தீவன மண்டிக்குப் போனேன். அங்கே கணக்கருக்கு ஒரு மகள் இருக்கிறாள். இருபது வயதுக்கு மேல் இருக்கும். மூட்டைகளுக்கு லேபிள் ஒட்டுவாள். அவளுக்கும் இதுதான். பல வருடமாக அங்கே போகிறேன், அவள் தலைக்கு மேலே எட்டி அப்பாவிடம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவளிடம் வணக்கம் சொன்னேன். நன்றாகக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவள் லேபிளை ஒட்டி முடித்துவிட்டு, "ஏன் மாமா கத்துறீங்க? எனக்குக் காது நல்லா கேக்கும்" என்றாள். கணக்கர் சிரித்துவிட்டார். நான் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, அவள் அம்மா வரும் வரை காத்திருந்தேன்.

அந்த அம்மா சொன்னதை எழுதுகிறேன். என் பங்கு இதில் ஒன்றும் இல்லை. இவளுக்கும் இதயத்தில் ஓட்டை இருந்தது, கைக்குழந்தையிலேயே அடைத்தார்கள், மார்பில் தழும்பு உண்டு. பால் குடிக்கவே முதலில் கஷ்டப்பட்டாள், சின்னச் சின்னதாக அடிக்கடி கொடுத்தார்களாம். மற்றப் பிள்ளைகளைவிட ரொம்பத் தாமதமாக நடந்தாள். பேச்சு அதைவிடத் தாமதம், அதற்கென்று பயிற்சிக்குக் கூட்டிப் போனார்கள். தைராய்டு பார்க்க வேண்டும், காதும் கண்ணும் வருடா வருடம் பார்க்க வேண்டும். உன் பிள்ளைக்கும் இதே மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்று அழுத்திச் சொன்னார். உன்னிடம் பேசுகிறாரா என்று கேட்டேன், எப்போது வேண்டுமானாலும் என்றார். நீ விரும்பினால் நம்பர் வாங்கி அனுப்புகிறேன், உன்னைக் கேட்காமல் உன் நம்பரைக் கொடுக்கவில்லை. நான் அவருக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை. கிளம்பும்போது ஒன்று சொல்ல வாய் வந்தது, மகள் என்னைப் பார்த்தாள், விட்டுவிட்டேன்.

அக்கா வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறாள். இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை இதய டாக்டரைப் பார்க்கும்போது நானும் கூட வரலாமா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். உள்ளே கூப்பிட்டாலும் பேச மாட்டேன். வர வேண்டாம் என்றால் அக்காவை ஏற்றிவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன்.

வந்தால் என்ன கொண்டுவர வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தேன். உனக்கு என்ன தேவைப்படும், பிள்ளைக்கு என்ன தேவைப்படும், மாப்பிள்ளைக்கு என்ன தேவைப்படும், எனக்குத் தெரியவில்லை. நீ எழுது.

மாமா